மணியக்காரர் உருட்டிய சோழி

கால்வாயில் தண்ணீர் சுருங்கிப்போன வருஷம் அது. மணியக்காரர் தாண்டவராயர் ஒரு வழி சொன்னார். தினமும் தம் சோழியை உருட்டுவார். மல்லாந்தால் தண்ணீர் அவருடைய மேல்வயலுக்கு, கவிழ்ந்தால் ஊராரின் கீழ்வயலுக்கு.

"ரெண்டே பக்கம். ஆளுக்குச் சரிபாதி வாய்ப்பு" என்று மீசையை நீவிக்கொண்டார்.

சோழி பெரும்பாலும் மல்லாந்தே விழுந்தது. எப்போதாவது கவிழ்ந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை. கீழ்வயலில் நாற்று கருகிக்கொண்டிருந்த சடைச்சிக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. தொட்டுப் பார்க்கலாமென்றால், உருட்டிய கையோடு அவர் சோழியை மடியில் செருகிவிடுவார்.

ஒருநாள் அவர் சோழியைக் கையில் எடுத்ததும் கூட்டத்துக்கு நடுவே கும்பிட்டுக் கேட்டாள்: "ஐயா, இன்னிக்கு மட்டும் பக்கத்தை மாத்திக்கிடுவோமா? கவுந்தா உங்களுக்கு, மல்லாந்தா எங்களுக்கு."

"அதெப்படி! வழக்கத்தை மாத்தப்படாது."

"சரிபாதின்னு நீங்கதானய்யா சொன்னீக? அப்ப எந்தப் பக்கம் எடுத்தா உங்களுக்கென்ன?"

சோழி இருந்த தாண்டவராயரின் கை மெல்ல மடிக்குப் போனது. ஊரார் அந்தக் கையைப் பிடித்து விரித்தார்கள். சோழியின் முதுகு தட்டையாகத் தேய்க்கப்பட்டிருந்தது. மல்லாந்து படுக்க வாகாக.

சடைச்சி மண்வெட்டியோடு போய்க் கீழ்வயல் மடையைத் திறந்தாள்.

"என் வயலுக்கு எப்போ?" என்று முனகினார் தாண்டவராயர்.

"எங்க வயல் நனைஞ்ச பெறகுய்யா" என்றாள்.