முதலாளி இறுக்கிய பெடல்

குளத்தூர் அரிசி ஆலை முதலாளி வடுகநாதனுக்குத் தெரியாத தொழிலே கிடையாது; அப்படித்தான் அவர் சொல்லிக்கொள்வார். ஆலை அரிசியைச் சைக்கிளில் வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பவள் பூரணம். அந்த வேலையைத் தம் மைத்துனனுக்குக் கொடுக்க அவர் சமயம் பார்த்திருந்தார். சைக்கிளின் இடது பெடலோ அடிக்கடி மரை நெகிழ்ந்து கீழே விழுந்தது.

“சாயங்காலம் மூட்டையோட குளத்தைச் சுத்தி வா. பெடல் கழண்டா நாளையிலேருந்து வராதே. ஸ்பேனரைத் தொடவும் கூடாது!” என்று சொல்லி முதலாளி ஸ்பேனரைத் தம் இடுப்பில் செருகிக்கொண்டார்.

பூரணம் பெடலைக் கையாலேயே திருகி வைத்தாள். “வெறும் கை முறுக்குத்தான் முதலாளி. யாராவது ஸ்பேனர் போட்டுக் கழட்டி விட்டா என் பிழைப்பு போச்சு. பாத்துக்கிடுங்க!” என்று உரக்கச் சொல்லிவிட்டு, சைக்கிளை ஆலையிலேயே நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனாள்.

மாலையில் ஊரே வேடிக்கை பார்க்கக் கூடியது. பூரணம் மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கிக் குளத்தைச் சுற்றி வந்து நின்றாள். பெடல் இம்மியும் அசையவில்லை.

வடுகநாதனுக்குப் பொறுக்கவில்லை. “அதெப்படி? மத்தியானம் நானே மூச்சைப் பிடிச்சு இடப்பக்கமாத் திருகித் தளர்த்தி விட்டேனே!” என்று கத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

பூரணம் பணிவாகக் கைகூப்பினாள். “இடது பெடலுக்கு மட்டும் மரை எதிர்ப்பக்கம் ஓடும் முதலாளி. இடப்பக்கம் திருகினா இறுகும். அவ்வளவு பலம் என் கைக்கு ஏது? ஸ்பேனரும் உங்க இடுப்புல இருந்துச்சு. நாளைக்குக் காலையில வழக்கம்போல வந்திருவேன். அதுவரைக்கும் வலது பெடல் பக்கம் மட்டும் போயிராதீங்க. அது நீங்க நெனைக்கிற மாதிரியே கழலும்.”