திருப்பிக் கொடுக்காத டிரைவர்

"நான் வேலைய விட்டுப் போறேன்" என்று வந்து நின்றான் கதிர்நிலவன்.

ரெஜினா நிமிர்ந்து பார்த்தாள். கணினியின் அடிப்படை நிரலான கெர்னலை எழுதும் குழுவுக்கு அவள்தான் தலைவி. வயதில் அவனைவிடச் சின்னவள். ஆனாலும் குழுவில் எல்லோரும் அவளைக் குரு என்பார்கள், பாதி கிண்டலாக, பாதி பயத்தோடு.

"ஏன்?"

மீன்பிடிப் படகுகளுக்கான கணினிப் பெட்டி ஒன்றைக் குழு செய்துகொண்டிருந்தது. கடலின் ஆழம் சொல்லும் கருவியும் ரேடியோவும் அதில் உண்டு. ஆழக்கருவியை எழுப்பி இயக்கும் சிறு நிரல், அதாவது டிரைவர், கதிர் எழுதியது. சோதனைக்குப் போன படகில் அந்தக் கருவிக்குள் உப்புத் தண்ணீர் புகுந்துவிட்டது. அது எழவில்லை. நன்றாக இருந்த ரேடியோவும் கூடவே ஊமையாகிவிட்டது. வேறொரு படகு கண்ணில் பட்டதால் அதிலிருந்த இரண்டு பேரும் உயிரோடு திரும்பினார்கள். நாளை இன்னும் சில படகுகள் கிளம்புகின்றன.

நிரலை நூறு தடவை பார்த்தாயிற்று என்றான் கதிர். கருவி எழவில்லையென்றால் அவன் டிரைவர் கெர்னலைக் கவிழ்ப்பதில்லை, 'முடியவில்லை' என்று சொல்லிவிட்டு மரியாதையாக வெளியேறிவிடுகிறது. அப்படியும் பழி தன் தலையில்தான் விடிகிறதாம்.

"இதுக்கு மேல ஒரு டிரைவர் என்ன செய்யணும்?"

"சரி, போங்க" என்றாள் ரெஜினா.

அவன் முகம் தொங்கிப்போயிற்று. ஒரு வார்த்தை தடுப்பாள் என்று நினைத்திருந்தான். பையை மாட்டிக்கொண்டு திரும்பினான்.

அவள் கையை நீட்டினாள்.

சோதனை மேசையின் சாவி நினைவுக்கு வந்தது. எடுத்துக் கொடுத்தான்.

அவள் நீட்டிய கை மடங்கவில்லை.

பையைத் துழாவினான். நிரலை ஓட்டிப் பார்க்கக் குழுவிடம் இருந்த ஒரே சோதனைப் பலகை அடியில் கிடந்தது. நேற்று மாலை எடுத்து வைத்தது.

"மறந்துட்டேன்" என்றான். வெட்கமாக இருந்தது.

"போறேன்னு சொன்னீங்க. சொன்னா போதுமா? இது இல்லாம மத்தவங்க எப்படி வேலை பார்ப்பாங்க?"

கதிர் பலகையைப் பார்த்தபடியே நின்றான். பிறகு பையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து நிரலைத் திறந்தான்.

ஆழக்கருவிக்கும் ரேடியோவுக்கும் ஒரே கம்பிப்பாதை. அதைப் பிடித்துக்கொண்டுதான் அவன் டிரைவர் கருவியைத் தட்டுகிறது. பதில் வராவிட்டால் போய்விடுகிறது. பிடித்த பாதையை விடுவதில்லை.

பிடித்ததையெல்லாம் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக விட்டுவிட்டு வெளியேறும்படி எழுதினான்.

மாலையில் துறைமுகத்துப் படகொன்றில் பெட்டியை ஏற்றி, ஆழக்கருவியின் கம்பியை வேண்டுமென்றே பிடுங்கிவிட்டு, படகை ஓடவிட்டார்கள். கரையில் ரேடியோவைக் காதருகே வைத்துக்கொண்டு கதிர் நின்றான்.

"தம்பி, ஆழம் தெரியலைன்னு காட்டுது" என்றது படகிலிருந்து ஒரு குரல். "நான் பேசுறது கேக்குதா?"