சேகண்டிக்காரன் மீது விசாரணை

வெகுகாலத்துக்கு முன்னால் நெடுவயல் நாட்டில் கோளரி வேந்தன் என்றொரு ராஜா இருந்தான். அவன் ஆண்டான் என்று சொல்வது மரியாதைக்குத்தான். உண்மையில் ஆண்டது நாழிகை பார்க்கும் ஒரு செம்பு வட்டில். அடியில் ஊசித்துளை போட்ட அந்த வட்டிலைத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்க விடுவார்கள். தண்ணீர் ஏறி அது மூழ்கினால் ஒரு நாழிகை. உடனே சேகண்டித் தட்டில் அடி விழும். அந்தச் சத்தப்படிதான் ராஜா குளிப்பான், சாப்பிடுவான், கோபப்படுவான். பாதி வழக்கில் சேகண்டி கேட்டால் எழுந்து சாப்பிடப் போய்விடுவான். தூக்கா விடுதலையா என்று தெரியாமல் ஒருவன் கைகட்டி நின்றுகொண்டிருப்பான்.

வட்டிலைக் காத்தவன் சாத்தையன். பதினெட்டு வருஷம் தண்ணீரையே பார்த்த கண் அவனுக்கு.

அரண்மனை வேலையாட்களுக்கு மேலதிகாரி வில்லவராயர். அவர் ராஜாவைப் புகழ்ந்து, சுவையான இடத்துக்கு வரும்போதெல்லாம் சேகண்டி ஒலிக்கும், ராஜா எழுந்துவிடுவான். 'தொட்டிக்காரனுக்கு உள்ள செல்வாக்கு எனக்கில்லையே' என்று அவருக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் காலை சாத்தையனுக்கு அவரிடமிருந்து ஓலை வந்தது.

'நேற்று ஏழாம் நாழிகையைத் தாமதமாக அடித்தாய். இன்று பத்தாம் நாழிகை அடித்ததும் சபையில் விசாரணை. வராவிட்டால் வேலை போகும். வட்டிலை விட்டு அகன்றாலும் வேலை போகும். குற்றம் சாட்டுபவர் வில்லவராயர். சாட்சி வில்லவராயர். தீர்ப்பு வில்லவராயர்.'

மாற்றாளை அவர் நேற்றே ஊருக்கு அனுப்பியிருந்தார். சாத்தையனுக்குத் தலை சுற்றியது. போனாலும் குற்றம், இருந்தாலும் குற்றம். அந்தப் பக்கம் வந்த அமைச்சர் செங்கோடரிடம், தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமலே ஓலையை நீட்டினான்.

"சாமி, நான் என்ன பண்ணணும்? ஒண்ணும் புரியலையே!"

"புரியக்கூடாதுன்னுதானே எழுதியிருக்கார். வட்டிலை விட்டு அகலாதேன்னுதான் இருக்கு. வட்டில் உன்கூட வரக்கூடாதுன்னு எங்கே இருக்கு?"

பத்தாம் அடி விழுந்தது. எட்டுப் பேர் தொட்டியைப் பல்லக்குப் போலச் சுமந்தார்கள். கழுத்தில் சேகண்டியும் கையில் அதை அடிக்கும் கொட்டாப்புளியுமாகச் சாத்தையன், வட்டிலைக் குனிந்து பார்த்தபடியே சபைக்குள் நுழைந்தான்.

"என்னய்யா இது, தொட்டிக்கு ஊர்வலமா!" ராஜாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இந்த விசாரணையை நானும் பார்க்கிறேன்."

"இவன் தாமதமாக அடித்தான், மகாராஜா" என்றார் வில்லவராயர்.

"அரண்மனையில் வேறு வட்டில் இல்லையே, தாமதம் என்று எப்படித் தெரியும்?" என்றார் செங்கோடர்.

"பக்கத்திலேயே நின்றேன். மூழ்கிக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தேன்."

"பக்கத்தில் நின்று என்ன செய்துகொண்டிருந்தீர்?"

"அதைப் பற்றி விசாரணை இல்லை!"

ராஜா திரும்பினான். "சாத்தையா, தாமதம் உண்மையா?"

"உண்மைதான், சாமி."

செங்கோடரே திடுக்கிட்டார். 'ஏன் தாமதம்னு யாராச்சும் கேப்பாங்க' என்று சாத்தையன் காத்திருந்தான். யாரும் கேட்கவில்லை. வில்லவராயர் இடுப்பிலிருந்து நீக்க ஓலையை எடுத்து நீட்டினார். அதை நேற்றே எழுதி வைத்திருந்தார்.

"ஒப்புக்கொண்டான்! வேலை முடிந்தது!"

"சரி, இனி அவன் வட்டிலைத் தொடக்கூடாது" என்றார் செங்கோடர். "வேறு ஆள் வரும்வரை நீரே பாரும், வில்லவராயரே. மேலதிகாரிக்குத் தெரியாத வேலையா?"

"உட்காரும்!" என்றான் ராஜா.

வில்லவராயர் தொட்டி அருகே உட்கார்ந்தார். செங்கோடர் அவர்முன் போய் நின்றார்.

"குற்றம் சாட்டியவர் யார்?"

"நான்தான்."

"சாட்சி?"

"நான்தான்."

"சாட்சியிடம் குறுக்குக் கேள்வி கேட்டீரா? உம்மை நீரே நம்பினீரா? அமைச்சரிடம் உட்கார்ந்துகொண்டா பேசுவது? எழுந்து பதில் சொல்லும்!"

வில்லவராயர் பதறி எழுந்தார், கும்பிட்டார், விளக்கம் சொன்னார். அவர் முதுகுக்குப் பின்னால் வட்டில் சாய்வதைச் சாத்தையன் பார்த்தான். சொல்வதா, வேண்டாமா? சொன்னால் நீக்கப்பட்டவன் தலையிட்டான் என்பார்கள். சும்மா இருக்கவோ கை விடவில்லை. அவன் தவித்து முடிப்பதற்குள் வட்டில் அடியில் போய்க் கிடந்தது.

நேரம் போனது. "எனக்குப் பசிக்கிறதே, சேகண்டி எங்கே?" என்று ராஜா எட்டிப் பார்த்தான். "எப்போதய்யா மூழ்கியது?"

"மகாராஜா, இவர் கேள்விமேல் கேள்வி கேட்டார்! எழுந்து நில் என்றார்! நான் எப்படித் தண்ணீரைப் பார்ப்பேன்?" என்று அலறினார் வில்லவராயர்.

"அதேதான், சாமி!" சாத்தையன் கத்தியேவிட்டான். "நேத்து நான் எழுந்து கும்பிடலைன்னு இவர் நின்னு திட்டினார். எழுந்து கும்பிட்டேன். அதுக்குள்ள முங்கிடுச்சு!"



"இந்த வில்லவராயரை இப்போதே துரத்துங்கள்!" என்று ராஜா குதித்தான்.

"அவரையும் விசாரித்துத்தான் துரத்த வேண்டும், மகாராஜா" என்றார் செங்கோடர். "கேட்காமல் தண்டிப்பது அவருடைய வழக்கம். அது நமக்கு வேண்டாம்."

ராஜாவுக்கு அது எப்படியோ பிடித்துப்போயிற்று. குற்றம் சாட்டியவன் தீர்ப்புச் சொல்லக்கூடாது, ஏன் என்று கேட்காமல் எவனையும் நீக்கக்கூடாது என்று அங்கேயே சட்டம் போட்டான். முத்துமாலையைக் கழற்றிச் செங்கோடருக்குப் போட்டான். வில்லவராயரை விசாரிக்க மூன்று பேரை வைத்தான். அதில் ஒருவரை வேலையாட்களே பொறுக்கி எடுக்கலாம் என்றான்.

"சரி, இப்போது என்ன நாழிகை? நான் சாப்பிடலாமா?"

எல்லோரும் சாத்தையனைப் பார்த்தார்கள். வட்டில் மூழ்கிய கணத்தைப் பார்த்தவன் அவன் ஒருவன்தான். அதிலிருந்து மனசுக்குள் எண்ணிக்கொண்டும் இருந்தான். கொட்டாப்புளி வரை போன கை நின்றது. காலையிலிருந்து முதல்முறையாக ஒரு விஷயம் அவனுக்குத் தெளிவாகப் புரிந்தது.

"சாமி, நான் வேலை நீங்கினவன். நாழிகை சொன்னா குத்தம்."

"அட, நானே சொல்கிறேன், சேர்ந்துகொள்!"

"நீக்கினது ஓலையில, சாமி. சேர்க்கிறதும் ஓலையில இருக்கட்டும்."

ராஜா எழுத்தாணியைப் பிடுங்கி எழுதினான். சாத்தையன் அதை வாங்கி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தான். அவன் படித்து முடிக்கும்வரை ராஜாவும் அமைச்சரும் சபை முழுவதும் பசியோடு நின்றார்கள். பிறகுதான் அடி விழுந்தது.