பங்காளி வரப்பு

இந்தக் கதையை நான் நேரில் பார்க்கவில்லை. பேருந்தில் பக்கத்து இருக்கையில் வந்த கடலை வியாபாரி சொன்னது. அவருக்கு யார் சொன்னார்கள் என்று கேட்பதற்குள் அவருடைய ஊர் வந்துவிட்டது. பேச்சில் ஒன்றிரண்டு வார்த்தை மாறியிருக்கலாம்.

ஒரு கரட்டின், அதாவது சின்னப் பாறைக்குன்றின், அடியில் தவமணி அம்மா என்கிற துறவி குடிசை போட்டிருந்தார். வயது நாற்பத்தைந்து. அவருக்கு ஒரே ஒரு சீடர், அருணகிரி. வயது அறுபத்துமூன்று. அரசாங்க வேலையில் மண் பரிசோதனை செய்து ஓய்வு பெற்றபின் ஞானம் தேடி வந்தவர்.

கரட்டிலிருந்து ஓடை வரைக்கும் சரிவான செம்மண் நிலம். மானாவாரி நிலத்தை அங்கே காடு என்பார்கள். அதில் படிப்படியாகப் பதினேழு கல்வரப்புகள். சுற்றிலும் மழை மண்ணை அரித்துப் பாறையாக்கிவிட்டிருந்தது. இந்தச் சரிவில் மட்டும் கடலை விளைந்தது.

"இந்தச் சரிவோட வரலாறை எழுதப் போறேன் அம்மா," என்றார் அருணகிரி.

"எழுதுங்க."

பத்து நாள் வீடு வீடாகப் போய் விசாரித்துவிட்டு, முகம் தொங்கித் திரும்பினார்.

"என்னங்க ஆச்சு?"

"முதல் வரப்பு மேல்காட்டு நாச்சிமுத்துவோட தாத்தா போட்டதாம். மழைக்கு இவர் காட்டு மண்ணு கரைஞ்சு தம்பி காட்டுக்குப் போயிருக்கு. அவனுக்கு ஒரு கூடை மண்ணுகூடப் போகக்கூடாதுன்னு போட்டிருக்கார்."

"ரெண்டாவது?"

"அந்தத் தம்பி போட்டது. அண்ணன் எனக்கு விடாத மண்ணை நான் மட்டும் கீழ்க்காட்டுச் சித்தப்பனுக்கு விடுவேனான்னு."

"மூணாவது அந்தச் சித்தப்பனா?"

"ஆமா. பதினேழும் இப்படித்தான் அம்மா. பதினாறாவது மட்டும் மாமனார் மருமகன்."

அம்மா சிரித்தார். அருணகிரி சிரிக்கவில்லை.

"இதை எப்படி எழுதறது? முதல்ல இவங்களைச் சேத்து வைக்கிறேன். அப்புறம் எழுதறேன்."

மேல்காட்டு நாச்சிமுத்துவும் அடுத்த காட்டுச் சென்னியப்பனும் அந்த அண்ணன் தம்பியின் பேரன்கள். ஒருவர் வீட்டில் மற்றவர் சாப்பாட்டுக்குக் கை நனைத்து இருபது வருடம் ஆகியிருந்தது. அருணகிரி இரண்டு வீட்டுக்கும் இரண்டு மாதம் நடந்தார். கடைசியில் சமாதானம் ஆனது. முதல் வரப்பின் நடுவில் எட்டடி அகலத்துக்குக் கல்லை எடுத்து வழி செய்தார்கள். அந்த வழியாக விருந்துக்குப் போய்வந்தார்கள்.

அருணகிரி வரலாற்றின் முதல் வரியை எழுதினார்: 'இது ஒற்றுமையால் காக்கப்பட்ட நிலம்.'

அந்த வாரமே மழை பெய்தது.

விடிந்து போய்ப் பார்த்தார். நாச்சிமுத்துவின் மண் எட்டடி வழியில் இறங்கி, சென்னியப்பன் காட்டில் ஒரு சாண் உயரத்துக்குப் படிந்திருந்தது. மேலே பாறை பல்லைக் காட்டியது. இன்னும் இரண்டு மழை பெய்தால் நாச்சிமுத்துவுக்கு விதைக்க நிலமிருக்காது.

"வழியை அடைச்சிருங்க," என்றார் அருணகிரி.

"எப்படிங்க அடைக்கிறது?" என்றார் நாச்சிமுத்து. "முந்தாநேத்துத்தான் தம்பி வீட்ல கறிக்கொழம்பு சாப்பிட்டேன். இப்பப் போய்க் கல்லை அடுக்கினா அவன் என்ன நெனப்பான்?"

அருணகிரி சென்னியப்பனிடம் ஓடினார்.

"அண்ணனே சும்மா இருக்காரு. நான் போய் அடைச்சா, உங்க மண்ணு எனக்கு வேண்டாம்னு மூஞ்சில அடிச்ச மாதிரி ஆயிருமுங்க."

மேற்கே மறுபடி மேகம் திரண்டது. அருணகிரி குடிசைக்கு வந்து நின்றார்.

"அம்மா, நான் செஞ்சது தப்பா?"

அம்மா எழுந்து சரிவில் இறங்கினார். அருணகிரி பின்னாலேயே போனார். நாச்சிமுத்து தன் காட்டில் பாறையைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"தம்பி காடு நல்லா இருக்குதுங்களே," என்றார் அம்மா.

"இருக்கட்டுங்க."

"உங்க மண்ணு விழுந்த எடத்துல கடலை முழங்கால் உயரம் வரும்போல."

நாச்சிமுத்து வரப்புக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"இந்த வருசம் ரெண்டு மூட்டை விதை சேத்து வாங்கியிருக்காராம்."

அவ்வளவுதான். அம்மா திரும்பி நடந்தார்.

சாயங்காலத்துக்குள் வழி அடைபட்டுவிட்டது. முன்பிருந்ததைவிட ஒரு கல் உயரம் அதிகம். சென்னியப்பன் வந்து பார்த்து, "என்னைத் திருடன்னே நெனச்சுட்டீங்களாண்ணா" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். மறுநாள் மதியம் பெய்த மழையில் மண் நகரவில்லை.

அருணகிரிக்கு மனசு ஆறவில்லை.

"ரெண்டு மாசம் நடந்து செஞ்ச சமாதானம். ரெண்டு நிமிசத்துல கெடுத்துட்டீங்களே அம்மா."

"மறுபடி நடங்க ஐயா. மண்ணு இருக்கற வரைக்கும், சேத்து வைக்க ரெண்டு பேரும் ஊர்லயே இருப்பாங்க. இந்தத் தடவை வரப்புல ஓட்டை போடாம, ஏறி எறங்கப் படி வைங்க."

அருணகிரி மறுபடி சரிவில் இறங்கினார்.

கேட்டதை அப்படியே எழுதத் தயக்கமாக இருந்ததால், போன மாதம் நானே அந்த ஊருக்குப் போய்ப் பார்த்தேன். முதல் வரப்பில் கல்படிகள் இருக்கின்றன. கீழ்ப்பக்கம் ஐந்து. மேல்பக்கம் மூன்று வைத்ததாகச் சொன்னார்கள். ஒன்றுதான் கண்ணில் பட்டது. மற்ற இரண்டும் வரப்பு பிடித்துவைத்த மண்ணுக்குள் போய்விட்டன.