உடும்பு வீராயியும் இரண்டு பிடி ரம்பமும்

வேங்கைக் காட்டுக் குளத்துக்கு இரண்டு கரை. ஒரு கரையில் பெரிய மருத மரம் ஒன்று நின்றது. அதன் அடியில் எந்நேரமும் ஜில்லென்று நிழல். மறு கரையில் மொட்டைப் பாறை. அங்கே உட்கார்ந்தால் தோசைக்கல்லில் உட்கார்ந்த மாதிரிதான்.

காட்டில் இரண்டு கல்லூரிகள் இருந்தன. ஒன்று மேலக்காட்டுக் கல்லூரி, மற்றொன்று கீழக்காட்டுக் கல்லூரி. கோடை வந்துவிட்டால் இரண்டுக்கும் வகுப்பு குளத்தங்கரையில்தான். யாருக்கு மரத்தடி, யாருக்குப் பாறை என்பதை ஆண்டுதோறும் நடக்கும் மரவெட்டிப் போட்டி முடிவு செய்யும்.

மிருகங்களுக்கு மரவெட்டிப் போட்டியா என்று வாயைப் பிளக்காதீர்கள். ஒரு காலத்தில் மரம் வெட்ட வந்த ஆட்கள் யானையைக் கண்டதும் கோடாலி, ரம்பம், வேட்டி எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடினார்கள். வேட்டியைக் கரையான் தின்றது. கோடாலியும் ரம்பமும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் ஆகிவிட்டன. நிற்கிற மரத்தைத் தொடக்கூடாது, காற்றில் விழுந்த மரத்தைத்தான் வெட்டவேண்டும் என்பது அவர்கள் சட்டம். ஓடிப்போன ஆட்களுக்கு அந்தப் புத்தி இருந்ததில்லை.

கீழக்காட்டுக் கல்லூரி எப்போதும் தோற்கும். சென்ற ஆண்டு அது தோற்றதற்குக் காரணம் உடும்பு வீராயி.

வீராயிக்குப் பிடி என்றால் பிடி. எதையாவது பிடித்துவிட்டால் இடி விழுந்தாலும் விடமாட்டாள். அவளுடைய அம்மா அப்படி, அம்மாவைப் பெற்றவளும் அப்படி. "பிடிச்சதை விடுறது எங்க வம்சத்துலயே கிடையாது" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லுவாள். கேட்டுக் கேட்டுக் காட்டுக்கே காது புளித்துப் போயிருந்தது.

சென்ற ஆண்டு வெற்றி தோல்வியை முடிவு செய்தது மரமேறும் போட்டி. பட்டுப்போன ஒரு நெட்டை மரத்தின் உச்சியைத் தொட்டுவிட்டு முதலில் தரையில் இறங்குபவருக்கு வெற்றி. மற்றவர்கள் உள்ளங்கையில் எச்சில் தொட்டுக்கொண்டிருக்கும்போதே வீராயி உச்சியில் இருந்தாள். கீழக்காட்டுப் பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள். அதோடு சரி. உச்சியைப் பிடித்தவள் அதை விடவே இல்லை.

"இறங்கு வீராயி!" என்று கத்தினார்கள்.

"பிடிச்சாச்சு, இனி விடமாட்டேன்" என்றாள் அவள்.

மேலக்காட்டுக் குரங்கு ஆடி அசைந்து ஏறியது. அவள் தலையிலேயே ஒரு தட்டுத் தட்டி உச்சியைத் தொட்டதாகக் கணக்குச் சொல்லிவிட்டு இறங்கி ஜெயித்தது. வீராயி பசி எடுத்த பிறகு இறங்கி வந்தாள். அப்போது கீழே ஒரு ஈ காக்கை இல்லை.

அந்தக் கோடையைக் கீழக்காட்டுப் பிள்ளைகள் பாறையில் கழித்தார்கள். எல்லாரையும்விடப் பாடுபட்டது வீராயியின் தோழி ஆமை அமிர்தம். ஓட்டுக்குள் தலையை இழுத்தால் உள்ளே அடுப்பு. வெளியே நீட்டினால் வெளியே அடுப்பு. வீராயி ஈர இலையைக் கொண்டுவந்து ஓட்டின்மேல் போடுவாள். இலை காய்ந்து அப்பளம் ஆகிவிடும்.

இந்த ஆண்டு போட்டிக்கு முன்பு அமிர்தம் ஒரு தாமரை இலையில் தன் சாமான்களை மூட்டை கட்டினாள்.

"இந்த வருஷமும் பாறைதான்னா நான் படிப்பை நிறுத்திட்டு ஆத்தோட போயிடுறேன்டி" என்றாள்.

அமிர்தத்தை விட்டால் வீராயிக்கு வேறு தோழி கிடையாது. அதோடு பரீட்சையில் அமிர்தம் முன்னால் உட்கார்ந்தால்தான் வீராயிக்கு விடை தெரியும். போன பரீட்சையில் பார்த்து எழுதிய வேகத்தில் தன் தாளில் அமிர்தத்தின் பெயரையும் சேர்த்து எழுதிவிட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"நீ எங்கேயும் போகவேண்டாம். நான் ஜெயிச்சுக் காட்டுறேன்" என்றாள் வீராயி.

"அதனாலதான்டி மூட்டை கட்டினேன்" என்றாள் அமிர்தம்.

இத்தனைக்குப் பிறகும் வீராயியை ஏன் போட்டியில் சேர்த்தார்கள் என்று கேட்பீர்கள். கீழக்காட்டுக் கல்லூரியில் விரல் உள்ளவர்கள் குறைவு. மானுக்குக் குளம்பு. பாம்புக்கு அதுவும் இல்லை. கரடி சடையப்பனையும் வீராயியையும் விட்டால் கோடாலி பிடிக்க ஆளே கிடையாது. அவர்கள் தலையெழுத்து அது.

போட்டி நாள் வந்தது. யானையம்மாள் நடுவராக வந்து நின்றாள்.

முதலில் குளத்தில் கட்டை உருட்டும் போட்டி. மிதக்கிற கட்டையின்மேல் இரண்டு பேர் ஏறி நின்று காலால் உருட்டவேண்டும். யார் தண்ணீரில் விழுகிறாரோ அவருக்குத் தோல்வி. சடையப்பன் ஏறியதுமே கட்டையின் மறுமுனை ஆகாயத்துக்குப் போய்விட்டது. அங்கே நின்ற மேலக்காட்டுக் காட்டுப்பன்றி கொம்பன் பறந்துபோய்த் தாமரைக்கு நடுவே விழுந்தான். கீழக்காட்டுக்கு ஒரு வெற்றி.

அடுத்தது கோடாலி எறிதல். தூரத்தில் ஒரு பலகை, அதன் நடுவில் வட்டம். வீராயி கோடாலியைத் தலைக்கு மேலே ஓங்கினாள். உடம்பையெல்லாம் சுழற்றி வீசினாள். கோடாலி பறந்தது. அதோடு வீராயியும் பறந்தாள். கோடாலி வட்டத்தின் நட்டநடுவில் குத்திட்டு நின்றது. பிடியில் வீராயி தொங்கிக்கொண்டிருந்தாள்.

"சரியா நடுவுல பட்டிருக்கு, பாருங்க" என்றாள் தொங்கியபடியே.

"கோடாலி மட்டும்தான் வரணும். ஆளும் கூடவே வந்தா அது கணக்குல சேராது" என்றாள் யானையம்மாள்.

மேலக்காட்டுக்கு ஒரு வெற்றி. பாறைமேல் இருந்த அமிர்தம் மூட்டையின் முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள். அதைப் பார்த்த வீராயிக்கு அழுகை வந்துவிட்டது.

மிச்சம் இருந்தது ரம்பம். அதுதான் கடைசி. நீளமான ரம்பம், இரண்டு முனையிலும் பிடி. இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். எந்த ஜோடியின் கட்டை முதலில் இரண்டாக விழுகிறதோ அந்தக் கல்லூரிக்கு மரத்தடி.

சடையப்பன் வீராயியைத் தனியே கூப்பிட்டான்.

"இங்கே பாரு. நீ இழுக்கும்போது நான் விட்டுக்கொடுப்பேன். நான் இழுக்கும்போது நீ விட்டுக்கொடுக்கணும். அவ்வளவுதான் ரம்பம். புரியுதா?"

"நல்லாப் புரியுது" என்றாள் வீராயி. அவளுக்கு முதல் பாதி நன்றாகவே புரிந்திருந்தது.

சடையப்பன் தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து மேலக்காட்டு நரி நல்லதம்பி மெல்ல வந்தான். பெயர்தான் நல்லதம்பி. ரம்பத்தில் கொம்பனுக்கு ஜோடி அவன்தான்.

"தங்கச்சி வீராயி! ஊரே உன்னைக் கிண்டல் பண்ணுதே, எனக்கு வயிறு எரியுதும்மா" என்றான். "உன் வம்சம் என்ன, உன் பிடி என்ன! உன் பாட்டன் இடுப்புல கயிறு கட்டி, அவன் பிடிச்ச பிடியை நம்பி மனுசங்க கோட்டைச் சுவரே ஏறினாங்களாம். நீ போயும் போயும் ஒரு கரடிக்கு விட்டுக்கொடுக்கிறதா? இழு. இழுத்துக்கிட்டே இரு. விட்டுடாதே."

வீராயிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இந்தக் காட்டில் தன் அருமை தெரிந்தவன் இவன் ஒருவன்தான் என்று நினைத்தாள். பாவம், அப்படித்தான் நினைத்தாள்.

யானையம்மாள் பிளிறினாள். போட்டி தொடங்கியது.

வீராயி ஒரு இழு இழுத்தாள். ரம்பம் கட்டையில் சர்ரென்று இறங்கி அவள் பக்கம் வந்தது. அடுத்து சடையப்பன் இழுக்கவேண்டும். இழுத்தான். ரம்பம் அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். வீராயி வாலைத் தரையில் ஊன்றிக்கொண்டாள்.

"ஏ வீராயி, விடு!"

"விடமாட்டேன்!"

"ரம்பத்தைப் போட்டுட்டு ஓடவா சொன்னேன்? கொஞ்சம் தளர்த்து, போதும்."

"தளர்த்தினா நீ ஜெயிச்சுடுவே!"

"நாம ரெண்டு பேரும் ஒரே கட்சி வீராயி!" என்று அலறினான் சடையப்பன்.

பக்கத்துக் கட்டையில் நல்லதம்பியும், பிடியைக் கோரைப் பல்லில் மாட்டிக்கொண்ட கொம்பனும் சர்க் சர்க்கென்று அறுத்துக்கொண்டிருந்தார்கள். மரத்தூள் கொம்பனின் முட்டிவரை ஏறிவிட்டது. இங்கே இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் விறைத்து நின்றார்கள். அறுக்க வந்தவர்களா, கயிறு இழுக்க வந்தவர்களா என்றே தெரியவில்லை.

"விடு வீராயி, விடு!" என்று மான்கள் கத்தின. முயல் தன் காதைத் தானே பிடித்துக்கொண்டு கெஞ்சியது. "தான் பிடிச்ச முயலுக்கு மூணே கால்னு நிக்கிறியே! எனக்கு நாலு காலும்மா, எண்ணிப் பாரு! பிடியை விடும்மா!"

"விடாதே தங்கச்சி! சபாஷ்! அதுதான் உடும்பு!" என்று ஒரே ஒரு குரல் மட்டும் வந்தது. நல்லதம்பியின் குரல்.

வீராயி பெருமையோடு அந்தப் பக்கம் திரும்பினாள். திரும்பும்போது பாறை கண்ணில் பட்டது. அமிர்தம் மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடக்க ஆரம்பித்திருந்தாள். ஆமை நடைதான். ஆனாலும் போகிறாள்.

அப்போதுதான் வீராயியின் மண்டையில் ஒன்று உறைத்தது. 'நம்ம ஆளுங்க அத்தனை பேரும் விடு விடுங்கிறாங்க. எதிர்க்கட்சிக்காரன் ஒருத்தன் மட்டும் விடாதேங்கிறான். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதா அது ஆட்டுமேல இருக்கிற பாசமா?'

கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஒவ்வொரு விரலாகத் தளர்த்தினாள். அவளுக்கு அது பல்லைப் பிடுங்குவதுபோல் வலித்தது. வம்சமே மேலிருந்து காறித் துப்புவதாகத் தோன்றியது. இருந்தாலும் தளர்த்தினாள்.

ரம்பம் சர்ரென்று சடையப்பன் பக்கம் போயிற்று.

போனது போனதுதான் என்று வீராயி நினைத்தாள். அதற்குள் சடையப்பன் தளர்த்தினான். ரம்பம் அவள் கைக்கே திரும்பி வந்தது! அவளுக்கு நம்பமுடியவில்லை. மறுபடி விட்டுப் பார்த்தாள். மறுபடியும் வந்தது.

"சடையப்பா, விட்டா திரும்பி வருது!"

"அதைத்தானே காலையிலிருந்து சொல்றேன்! இழு!"

இப்போது அவள் இழுத்த இழுப்பில் பிடியும் இருந்தது, ஓட்டமும் இருந்தது. மரத்தூள் சடையப்பன் ரோமமெல்லாம் ஒட்டிக்கொண்டு அவன் வெள்ளைக் கரடி ஆகிவிட்டான்.

நல்லதம்பி பதறிப்போனான். "விடாதேன்னு சொன்னேனே! தங்கச்சி, வம்சம்! கோட்டை! பாட்டன்!" என்று கழுத்தைத் திருப்பிக் கத்தினான். வாய் அங்கே போனதும் கை இங்கே நின்றுவிட்டது.

"அங்கே என்ன பேச்சு? வேலையைப் பாருலே!" என்று கொம்பன் கோபத்தில் ரம்பத்தை அவன் பக்கம் முட்டித் தள்ளினான். ரம்பம் வில்லாக வளைந்து கட்டைக்குள் இறுகிக்கொண்டது. அதற்குப் பிறகு இழுத்தாலும் வரவில்லை, தள்ளினாலும் போகவில்லை.

தொப்பென்று ஒரு கட்டை விழுந்தது. அது கீழக்காட்டுக் கட்டை.

வீராயி ரம்பத்தை விட்டுவிட்டு ஆற்றை நோக்கி ஓடினாள். அமிர்தம் அதிக தூரம் போயிருக்கவில்லை. பாறையைக்கூட இன்னும் தாண்டவில்லை.

"ஜெயிச்சுட்டோம்டி!"

"யாரு, நீயா?" என்று கேட்ட அமிர்தத்துக்கு அதிர்ச்சியில் மூட்டை நழுவிக் குளத்தில் விழுந்துவிட்டது.

மறுநாள் கீழக்காட்டுப் பிள்ளைகள் முதல்முறையாக மருத மரத்தடிக்கு வந்தார்கள். பின்னாலேயே நல்லதம்பி வந்து பல்லைக் காட்டினான்.

"தங்கச்சி, நேத்து நீ விட்டுக்கொடுத்துத்தானே ஜெயிச்சே? என்ன பெரிய மனசு உனக்கு! விட்டா திரும்பி வரும்னு நீயே சொன்னே. இந்த நிழலையும் எங்களுக்கு விட்டுக்கொடேன். அடுத்த வருஷம் திரும்பி வராமலா போயிடும்?"

கீழக்காட்டுப் பிள்ளைகள் பயத்தோடு வீராயியைப் பார்த்தார்கள். இவள் பாடத்தை அளவுக்கு மீறிக் கற்றுக்கொண்டிருந்தால் என்ன செய்வது? சடையப்பன் தலையில் கையை வைத்துக்கொண்டான். அமிர்தம் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

வீராயி மெல்ல நடந்து போய் மருத மரத்தை நான்கு காலாலும் கட்டிப் பிடித்தாள். வாலையும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

"ரம்பத்தோட அந்தப் பக்கம் என் ஆளு இருந்தான், விட்டேன்" என்றாள். "இங்கே அந்தப் பக்கம் நீ இருக்கே. விடமாட்டேன்."

நல்லதம்பி கெஞ்சினான், கொஞ்சினான், வம்சத்தையும் பாட்டனையும் ஒரு சுற்று இழுத்துப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் வாலைச் சுருட்டிக்கொண்டு பாறைக்குப் போய் உட்கார்ந்தான். உட்கார்ந்த வேகத்தில் துள்ளி எழுந்தான்.

அந்தக் கோடை முழுதும் அமிர்தம் நிழலில் கழுத்தை நீட்டிப் படித்தாள். அவளுக்குப் பின்னால் வீராயியும் கழுத்தை நீட்டிப் படித்தாள்.

விட வேண்டிய இடத்தில் விட்டு, பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிப்பவரின் பிடியே நல்ல பிடி.