உடும்பு கேட்ட ஒரே கேள்வி

பனிமலை அடிவாரத்தில் ஒரு நரி இருந்தது. அதன் பெயர் சாதுரியன். அந்தப் பெயரை வைத்தது அதன் தாய் இல்லை, அதுவேதான் வைத்துக்கொண்டது.

ஒரு குளிர்காலத்தில் நரி தன் சிநேகிதன் மாசாணத்தைப் பனிச்சறுக்குக்கு அழைத்தது. மாசாணம் கீழ்நாட்டு முள்ளுக்காட்டில் வாழும் உடும்பு. பனியைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் ஸ்வெட்டர், மப்ளர், மங்கி குல்லா எல்லாம் மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டது.

வழியனுப்பும்போது அதன் மனைவி சொன்னாள்: "புற்றுக்குள்ள நம்ம முட்டைங்க இருக்கு. அதுங்க பொரியறதுக்குள்ள முழுசா வந்து சேருங்க."

அந்த 'முழுசா' என்ற சொல் வழி நெடுக உடும்பின் காதிலேயே இருந்தது.

மலையில் மூன்றாவது ஆளாகத் தொந்தியப்பன் என்ற கரடியும் சேர்ந்துகொண்டது. இந்தப் பயணத்துக்காக அது தன் குளிர்காலத் தூக்கத்தையே ஒரு வாரம் தள்ளிப் போட்டிருந்தது. காலையில் மூவரும் ஒரு பாறைமேல் உட்கார்ந்து திட்டம் போட்டார்கள்.

"அண்ணே, எனக்குச் சறுக்கவே தெரியாது," என்றது உடும்பு. "பிடிச்சா விடமாட்டோம், அதுதான் எங்க வம்சத்துக்குத் தெரிஞ்ச ஒரே வேலை. சறுக்க ஆரம்பிச்சா எப்படி நிக்கிறது?"

"நல்ல கேள்வி," என்றது நரி. "முதல்ல மத்தியானச் சாப்பாடு எங்கேன்னு முடிவு பண்ணிடுவோம்."

அடிவாரத்திலேயே சாய்வு அதிகமில்லாத ஒரு சரிவு இருந்தது. குட்டிகள் விளையாடும் இடம். பக்கத்தில் சடை எருமை அக்காவின் கஞ்சிக்கடை. உடும்புக்கு அந்த இடம் பார்த்தவுடனே பிடித்துப்போயிற்று.

"கஞ்சி குடிக்கவா நான் தூக்கத்தைத் தள்ளிப் போட்டேன்?" என்று கரடி முகத்தைச் சுளித்தது.

"உச்சியில குரங்கு ஒரு விருந்தகம் வச்சிருக்கு," என்றது நரி. "தேனடை, வறுத்த மீன், எல்லாம் சுடச்சுடக் கிடைக்கும். அங்கேருந்து அப்படியே சறுக்கி இறங்கிடலாம். ஆறு வருஷமா வர்றேன், எனக்குத் தெரியாதா?"

பிறகு மீன் முதலிலா, தேன் முதலிலா என்று பேச்சு நீண்டது. பள்ளத்தாக்கைப் பார்த்த இடமா, அடுப்புப் பக்கமா என்று இன்னொரு நாழிகை போயிற்று. உடும்பு இரண்டாம் முறை கையைத் தூக்கியது.

"இருப்பா, இனிப்பு இன்னும் முடிவாகலை," என்றது நரி.

சும்மா இருந்த நேரத்தில் உடும்பு நரியின் சறுக்குப் பலகைகளைப் பார்த்தது. அடியில் ஒரு கீறல்கூட இல்லை. விற்றவன் சுண்ணாம்பால் போட்ட அடையாளம்கூட அழியாமல் இருந்தது. ஆறு வருஷப் பலகையை எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறார் என்று உடும்பு வியந்துபோயிற்று.

மலையின் பின்பக்கப் பாறை வழியாக ஏறினார்கள். ஏறுவதென்றால் உடும்புக்குக் கேட்கவா வேண்டும்? நரிக்கு மூச்சு வாங்கியது, கரடி ஐந்து இடத்தில் உட்கார்ந்தது, உடும்போ முதல் ஆளாய் உச்சியில் நின்றது.

"பார்த்தியா, பிறவித் திறமை!" என்றது நரி. "உனக்கு யாரும் சொல்லித் தரவே வேண்டியதில்லை."

விருந்தும் நடந்தது. யாரையும் கேட்காமல் நரி உடும்புக்கு முட்டைக் குழம்பு சொல்லிவிட்டது. புற்றுக்குள் இருக்கும் முட்டைகளை நினைத்துக்கொண்டு உடும்பு அந்தக் கிண்ணத்தைத் தொடவே இல்லை. அதையும் கரடியே சாப்பிட்டது.

வெளியே வந்து உடும்பு சரிவை எட்டிப் பார்த்தது. சுவரைக் கொஞ்சம் சாய்த்து வைத்ததுபோல இருந்தது சரிவு. வலப்பக்கம் தூரத்தில் கஞ்சிக்கடைப் புகை தெரிந்தது. இடப்பக்கம் அடி தெரியாத பள்ளம்.

"அண்ணே, நிக்கிறது எப்படின்னு..."

"அது தானா வரும்."

"அப்ப நான் வந்த வழியே இறங்கிடறேன்."

"சறுக்க வந்துட்டு நடந்து இறங்குறதா? நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

அங்கே நாலு பேர் இல்லை. பாதித் தூக்கத்தில் ஒரு கரடியும், தட்டு கழுவிக்கொண்டிருந்த ஒரு குரங்கும்தான் இருந்தன. ஆனாலும் உடும்புக்கு வெட்கமாகிவிட்டது. நரி, குரங்கிடம் இரவல் வாங்கிய பலகையை அதன் பின்னங்கால்களில் கட்டி, முன்னங்கால்களில் ஊன்றுகோலைத் திணித்தது. நகம் ஒன்றுகூடத் தரையில் படவில்லை. பயம் ஒரு பக்கம், வாயை மூடிக்கொண்டு வந்த தன்மீதே கோபம் ஒரு பக்கம்.

அப்போது கரடி கொட்டாவி விட்டபடி கள்ளமில்லாமல் சொன்னது: "சாதுரியா, நீ ஒரு தடவை போய்க் காட்டேன். அவன் பார்த்துக்கட்டும்."

"நானா? சாப்பிட்ட உடனேயா?"

"காட்டுங்க, காட்டுங்க," என்றது குரங்கு. "ஆறு வருஷமா வர்றீங்க, நானும் பார்த்ததில்லை. எப்பவும் சாப்பிட்டுட்டுப் பின்வழியாத்தானே நடந்து போவீங்க."

பலகையில் கீறல் ஏன் இல்லை என்பது உடும்புக்கு இப்போது விளங்கியது.

நரிக்கு வேறு வழி இல்லை. வாலை நிமிர்த்திக்கொண்டு கிளம்பியது. முதல் பத்தடி பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு பலகை போன இடத்துக்கெல்லாம் நரி போயிற்று. பலகை பள்ளத்தைப் பார்த்துத் திரும்பியது.

"மாசாணம்! எப்படிடா நிக்கிறது?" என்று நரி அலறியது.

உடும்பு ஊன்றுகோலை வீசியது. பலகைக் கட்டைப் பல்லால் கடித்து அறுத்தது. நாலு கால் நகங்களும் பனியில் பதிய, நேராகக் கீழ்நோக்கி ஓடியது. பள்ளத்தின் விளிம்பில் ஒரு வேரைப் பற்றிக்கொண்டு நரி தொங்கியது. ஒரு பலகை கழன்று விழுந்தது. அது தரையைத் தொட்ட சத்தம் வரவே இல்லை.

வேர் அறுந்த நொடியில், உடும்பு பாறையிடுக்கில் நகங்களைப் பதித்து நரியின் வாலைக் கவ்விக்கொண்டது.

"விட்டுடாதே தம்பி," என்று கெஞ்சியது நரி.

உடும்பிடம் யாரும் சொல்லத் தேவையில்லாத வார்த்தை அது. பதிலுக்குக் கேட்க உடும்புக்கும் நிறைய இருந்தது. ஆனால் வாயைத் திறந்தால் நரி இல்லை. குளிரில் கால்கள் மரத்துப்போயின. மனைவி சொன்ன அந்தச் சொல்லை நினைத்துக்கொண்டு பல்லை இறுக்கியது. பின்வழியாக அசைந்து அசைந்து கரடி வந்து சேர்ந்து இருவரையும் தூக்கும் வரை அந்தப் பிடி தளரவில்லை.

கடைசியில் மூவரும் கஞ்சிக்கடைக்குத்தான் போனார்கள். நரி மூன்று கிண்ணம் குடித்தது. அடுப்பருகே உடம்பு சூடேறியதும் உடும்பு கேட்டது: "அக்கா, சறுக்கும்போது எப்படி நிக்கிறது?"

"பலகை முனை ரெண்டையும் உள்பக்கமா சேர்த்து, குதிகாலை அகட்டு. நின்னுடும்," என்றது சடை எருமை அக்கா, அகப்பையைக் கீழே வைக்காமலே.

இதற்கு ஒரு கவளம் விழுங்கும் நேரம்கூட ஆகவில்லை. மாலைவரை உடும்பு குட்டிகளோடு சின்னச் சரிவில் சறுக்கியது, நின்றது, மறுபடி சறுக்கியது. மறுநாள் முழுசாக ஊருக்குப் புறப்பட்டது.

அடுத்த குளிர்காலத்தில் நரி அதே பாறைமேல் உட்கார்ந்து ஒரு முள்ளம்பன்றியிடம் பேசிக்கொண்டிருந்தது. "போன வருஷம் ஒரு உடும்பைக் கூட்டிட்டு வந்தேன். அதைப் பள்ளத்துல விழாம காப்பாத்த நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

"அப்படியா? சறுக்கும்போது எப்படிண்ணே நிக்கிறது?" என்று கேட்டது முள்ளம்பன்றி.

"நல்ல கேள்வி," என்றது நரி. "முதல்ல சாப்பாடு எங்கேன்னு முடிவு பண்ணிடுவோம்."

எப்படி நிற்பது என்று கேட்டால் எங்கே சாப்பிடுவது என்று பதில் சொல்பவனை நம்பி யாரும் மலை ஏறக் கூடாது.