மச்சான் குரல்

மிருகங்களும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசித் திரிந்த அந்தக் காலத்தில், ஒரு மலையில் பாழாய்ப்போன சிறுத்தை ஒன்று இருந்தது. யார் குரலையும் ஒருமுறை கேட்டால் போதும், அச்சு அசலாக அப்படியே பேசிவிடும்.

அங்கே தேனெடுக்கப் பாறையில் தொங்குபவனுக்கு, அவன் மனைவியின் கூடப்பிறந்தவன்தான் கயிறு பிடிக்க வேண்டும். அக்காள் தாலியறுப்பதை எந்தத் தம்பி பொறுப்பான்? ஆனால் சிறுத்தை தம்பிகளையே ஏமாற்றியது. மூடுபனிக்குள்ளிருந்து, தொங்குபவனின் குரலில், கயிற்றை விடச் சொல்லும். அவர்களும் நம்பிக் கயிற்றை விட்டார்கள். இரண்டு பேர் விழுந்தார்கள். கீழே சிறுத்தை காத்திருந்தது.

அதனால், அடுத்துக் கயிறு பிடிக்க வேண்டிய பொம்மனுக்கு அதைத் தொடவே குலை நடுங்கியது. அவன் அக்காள் புருஷன் சடையன்தான், கிளம்புமுன் வீட்டிலேயே ஒரு வழி சொன்னான். கயிற்றில் தொங்கும் நேரமெல்லாம் தன் பேச்சில் எல்லாச் சொல்லும் ஒரே எழுத்தில் தொடங்கும், "கட்டின கயித்தைக் கழட்டாதே" என்கிற மாதிரி. தலையெழுத்து மாறினால், தன் குரலே ஆனாலும் நம்பக் கூடாது.

சடையன் பாதிப் பாறை இறங்குமுன் பனி மூடிவிட்டது.

"மாப்ளே, நான் கீழே இறங்கிட்டேன். கயித்தை விடு."

சொல்லுக்குச் சொல் தலை மாறியது. பொம்மன் விடவில்லை. உடனே அதே குரல் அழுதது.

"தேனீ கண்ணைப் புடுங்குது, கயித்தை விட்டாத்தான் ஓடித் தப்பலாம். உங்க அக்காவை நெனச்சாவது விடு, மாப்ளே."

பொம்மன் குனிந்து காது கொடுத்தான். தேனீக்கள் கலைந்த இரைச்சல் நிஜமாகவே கேட்டது. தான் சொன்ன வழியை மச்சானே வலியில் மறந்திருந்தால்? கயிற்றில் அசைவே இல்லை. செத்தே போயிருந்தால்? உள்ளங்கைத் தோல் உரிய, வாய்விட்டு அழுதுகொண்டே பிடித்திருந்தான்.

வெகுநேரம் கழித்து, வீங்கிய வாயிலிருந்து முனகலாய் ஒரு குரல் வந்தது.

"இன்னும்... இறுக்கி... இழு."

இழுத்தான். மேலே வந்த முகத்தில் கண் எது, மூக்கு எது என்று தெரியவில்லை. ஆனால் சடையனேதான்.

பிறகு சிறுத்தையும் அப்படிப் பேசப் பார்த்தது. முதல் எழுத்திலேயே நாக்கு சிக்கிக்கொண்டது, பாவம். இன்றும் ரம்பம் அறுக்கிற மாதிரி ஒரே சத்தத்தைத்தான் போடுகிறது.

பாட்டில் சொற்கள் ஒரே எழுத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வரிசையாக வருவது அன்று தொடங்கியதுதான். மோனை என்று பெயர் வைத்தவர்கள் பின்னால் வந்த படித்தவர்கள். பொம்மன் வீட்டார் அப்படிச் சொல்வதில்லை. அப்படியொரு பாட்டு காதில் விழுந்தால், "மச்சான் உசுரோட இருக்கார்" என்பார்கள்.